குடிக்காமல் திரும்பிய தண்ணீர்

பச்சை நிற பிளாஸ்டிக் பாட்டில் அது. மூடியில் கீறல் விட்டிருந்ததால் பாட்டிலின் வாயில் ஒரு துண்டு பாலிதீன் தாளை வைத்துத்தான் அக்கா அதைத் திருகி மூடுவாள். காலையில் மாம்பலம் ஸ்டேஷன் படிகளில் இறங்கும்போது நிரம்பியிருக்கும். வேலை முடிந்து அதே படிகளில் ஏறும்போதும் நிரம்பியே இருக்கும். பிளாட்பாரத்துக்கு வந்ததும் தூணில் சாய்ந்து, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடிப்பாள். அந்த நாளின் தண்ணீர் மொத்தமும் அவளுக்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் இறங்கும்.

அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருடம் சேலை விற்றேன். அக்கா எனக்குப் பக்கத்து கவுண்டர். சைதாப்பேட்டையில் வீடு, என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள். ஐந்து மாடிக்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் மொட்டை மாடியில். ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், மூன்றாம் முறையாக நான் கேட்டு நின்றுவிட்டுத் திரும்பியதும், அக்கா என் பாட்டிலைப் பிடுங்கி கவுண்டருக்கு அடியில் வைத்தாள்.

"இன்னா, தண்ணி லாரியா நீ? ரொப்பிகினே கீற. காலைல ஒரு வாய் குடி, அவ்ளோதான். ஒடம்பு சொன்னா கேக்கும்."

ஒரே வாரத்தில் என் உடம்பும் கேட்கக் கற்றுக்கொண்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சேலையை உதறி விரிக்கும்போது அக்கா சில நாட்களில் இடது கையால் அடிவயிற்றை அழுத்திக்கொள்வாள். கேட்டால் சூடு என்பாள், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்பாள். எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை கிடைத்தபின் அவளைப் பார்க்கவில்லை. அவள் கொடுத்த பழக்கம் மட்டும் என்னோடு மந்தைவெளி வீட்டுக்கு வந்தது. மகள் ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்குப் போனபோது, நோய்த்தொற்றுக்குப் பயந்து நான் அவளிடம் அதையே சொன்னேன்: பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் போகாதே, தண்ணீரைக் குறைத்துக்கொள், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக வந்தது. வெள்ளை அரிசியைக் குறையுங்கள், நார்ச்சத்தைக் கூட்டுங்கள், மெதுவாக மாற்றுங்கள் என்றார் டாக்டர். மெதுவாக என்ற சொல் என் காதில் விழவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை உண்டு. என் அப்பாவின் கால்விரல்கள் எடுக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமையே அரிசி டப்பா பரணுக்குப் போனது. காலையில் வரகு உப்புமா, மதியம் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்த் துருவலும், இரவு கம்பு ரொட்டி. அதற்கு மேல் ஆளிவிதைப் பொடி, படுக்கும் முன் இசப்கோல் நார்ப்பொடி ஒரு ஸ்பூன்.

முதல் வாரம் வயிறு உப்பிக்கொண்டது, வாயு பிரிந்தது. "தெருவுக்கு அடியில நடக்கிற மெட்ரோ வேலை இப்ப என் வயித்துக்குள்ள நடக்குதும்மா" என்றாள். சிரித்தோம். பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்று நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் சொல்லின. இரண்டாம் வாரம் அவள் கழிப்பறையில் வெகுநேரம் இருந்தாள். நான் இசப்கோலை இரண்டு ஸ்பூன் ஆக்கினேன். அதன்பின் அவள் வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். அதை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஒரு மாலை, பள்ளியிலிருந்து குனிந்தபடியே நடந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். வயிறு பலகை போல இருந்தது. தொட விடவில்லை.

அடையாறில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் எடுத்துவிட்டு, குடலில் அடைப்பு மாதிரித் தெரிகிறது, நாளைக்குள் இளகாவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்கள். சாப்பாட்டுப் பட்டியலை நான் ஒப்பித்தேன், ஒரு பெருமைக்காரி போல. டூட்டி டாக்டர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு மகளிடம் கேட்டார், பள்ளியில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு வாய்."

இவ்வளவு நாரை உள்ளே போட்டுத் தண்ணீர் விடாவிட்டால் அது சிமெண்ட்தான் என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குளுகோஸ் ஏறியது, இனிமா இரண்டு முறை கொடுத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் ஒரு வாரம் தெரிந்தது. மறுநாள் மதியம் அடைப்பு இளகியது. நர்ஸ் வந்து சொன்னபோது நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாவற்றையும் ஒரு பங்கு அரிசி, ஒரு பங்கு வரகு என்று தொடங்கினோம். இன்றும் அவள் குளியலறைக்குள் போனால் நான் வெளியே நின்று காது கொடுக்கிறேன். அவளுக்கு அது எரிச்சலாக இருக்கிறது. என்னால் நகர முடியவில்லை. மீண்டும் பள்ளிக்குக் கிளம்பிய நாள், கொடுத்துவிட்ட இரண்டு பாட்டில் தண்ணீரையும் காலி செய்துவிட்டு வர வேண்டும், பள்ளியிலேயே போய்க்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்ப போகாதேன்னு சொன்னே. இப்ப போன்னு சொல்றே. அங்க போற மாதிரி இருக்கான்னு ரெண்டு தடவையும் நீ வந்து பாக்கலம்மா."

அன்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றார் வகுப்பாசிரியை. எழுதிக் கொடுத்தேன். பிறகு மகளிடம் இடத்தைக் காட்டச் சொன்னேன். வரிசையாக நான்கு கழிப்பறைகள். இரண்டு பூட்டிக் கிடந்தன. ஒன்றில் தண்ணீர் வரவில்லை. நான்காவதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும். எப்படி மூடுவீர்கள் என்று கேட்டேன். யாராவது வெளியே நிற்பார்கள் என்றாள், இதில் என்ன கேள்வி என்பது போல.

காலை எட்டு மணிக்குப் பிறகு நானும் கழிப்பறைக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"நான் புடிச்சுக்கறேன்மா. நீ போ."

உள்ளே போனேன். அவள் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்தாள். விளிம்பில் அவளுடைய நான்கு விரல்கள் தெரிந்தன. எனக்கு வெகுநேரம் பிடித்தது. வகுப்பு மணி அடித்தது. காலடிச் சத்தங்கள் ஓடி ஓய்ந்தன. விரல்கள் அங்கேயே இருந்தன.