இரண்டு புட்டி விளக்கெண்ணெய்

கன்னியப்பனைக் கொன்றவன் நான். மோட்டார் கவிழ்ந்து செத்தான் என்று ஊர் சொல்கிறது, சொல்லட்டும். கவிழ்த்தது என் கை. செத்த பிறகு அவன் பெயரையும் கெடுத்தேன். இதுவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனித் துரையிடம் மோட்டார் மேஸ்திரி. அவருக்குச் சொந்தமாக ஒரு பந்தய மோட்டார் இருந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். எண்ணூர் உப்பளங்களுக்கு அப்பால் கெட்டித் தரையில் துரைமார்கள் வட்டப் பாதை போட்டு, குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் விடுவார்கள்.

குளிர்காலம் என்பது அவர்கள் கணக்கு! நம் வெயிலில் இருபது சுற்று முழு வேகத்தில் ஓடினால் இஞ்சின் உலையாகிவிடும். தண்ணீர் கொதித்தால் சமாளிக்கலாம். இஞ்சின் மூடியின் பக்கத் தகடுகளைக் கழற்றிக் காற்றுக்கு வழி விடுவேன். ஓடி முடிந்ததும் சட்டென்று அணைக்காமல் சற்று நேரம் சும்மா ஓடவிட்டுச் சூட்டை ஆற்றுவேன். ஆனால் எண்ணெய் நீர்த்துப் போனால் இரும்பை இரும்பு கடிக்கும். அப்புறம் எந்த மேஸ்திரியாலும் ஆகாது.

அதற்குத்தான் விளக்கெண்ணெய். சிரிக்காதீர்கள்... நம் வீட்டு விளக்கெண்ணெயேதான்! எத்தனை சூட்டிலும் அது பிடி விடாது. நம் ஊர் ஆமணக்கு கப்பலேறிச் சீமைக்குப் போய், எண்ணெயாகி, தகர டின்னில் அடைபட்டுத் துரைக்குத் திரும்பி வரும். மற்ற நாட்களில் வண்டிக்குச் சாதாரண மோட்டார் ஆயில். பந்தயத்தன்று களத்திலேயே அதைச் சூட்டோடு வடித்து, மண்ணெண்ணெயால் அலசி, விளக்கெண்ணெயை வெந்நீரில் வைத்து இளக்கி ஊற்றவேண்டும். இரண்டும் கலக்கவே கூடாது. கலந்தால் சூட்டில் பிசினாகத் திரண்டு எண்ணெய் போகும் சல்லடையை அடைத்துவிடும். இது எனக்குத் தெரியாதா? கண்ணாடித் தம்ளரில் கலந்தே பார்த்திருக்கிறேனே! ஒட்டாமல் இரண்டும் தனித்தனியாக நின்றன.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். என் கை அப்படிப்பட்டது. பிள்ளைக்கு வயிறு கட்டிக்கொண்டதா, கண்ணில் சூடா... மேஸ்திரியிடம் சீமை விளக்கெண்ணெய் இருக்கிறது என்று தெருவே வரும். பந்தயத்துக்குப் போக டின்னில் மிஞ்சுவதை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். எவரிடமும் கூலி வாங்கியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கும்பிடுதான்.

கன்னியப்பன் வியாசர்பாடிக்காரன், குத்துச்சண்டை போடுகிறவன். வளைவுகளில் வண்டி தூக்காமலிருக்கப் பக்கத்தில் கனமான ஆள் வேண்டும் என்று துரை அவனைச் சேர்த்துக்கொண்டார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளின்மீது கண் வைத்திருப்பதும் அவன் வேலை. முள் இறங்கினால் துரையின் தோளில் தட்டவேண்டும். இஞ்சினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் தெரியும், அவ்வளவுதான்... அது போதும் என்று நினைத்தான், பாவி!

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு அவன் கைக்குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. நான் கேட்காமலே இரண்டு புட்டி நிரப்பிக் கொண்டுபோய் அவன் மனைவி செங்கேணியிடம் கொடுத்தேன். குழந்தைக்கு இரண்டு புட்டி எதற்கு? ஒன்று கொடுத்தால் மேஸ்திரியின் பெருமை என்னாவது!

“தொரைக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும் மாமு,” என்றான் கன்னியப்பன்.

“டின்னுக்குள்ள எவன் எட்டிப் பாக்கப்போறான்?” என்றேன்.

ஞாயிறு காலை எண்ணூரில் டின்னை இஞ்சினில் கவிழ்த்தபோது எண்ணெய் குறைந்தது. சரியாக இரண்டு புட்டி அளவு. எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோல் நனையாமல் வெறும் கம்பியாக வெளியே வந்தது. துரை அந்தப் பக்கம் கூடாரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போய், எண்ணெய் போதவில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசவு, மிஞ்சினால் வேலை போயிருக்கும். அதற்குப் பயந்தேன்... ஒரு வேலைக்கு!

சற்று முன் வடித்த மோட்டார் ஆயில் பக்கத்திலேயே வாளியில் இருந்தது. மொண்டு ஊற்றினேன்.

கன்னியப்பன் பார்த்துவிட்டான்.

“இன்னா மாமு, அதயும் இதயும் ஊத்துற? ஒத்துக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “என் வூட்டுக்குக் குடுத்தியே, அதனாலயா கொறஞ்சுது?”

“சீ, டின்னு ஒழுகிக்கீது. நீ போய்க் குந்து.”

போய் உட்கார்ந்தான்.

ஒன்பது சுற்று நன்றாகவே ஓடியது. நான் நிம்மதியாக வெற்றிலை போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது சுற்றில் வண்டி என் எதிரே கடந்தபோது கன்னியப்பனின் கை துரையின் தோளில் விழுந்ததைக் கண்டேன். ஒருமுறை அல்ல, இருமுறை! மறு கை முள்ளைக் காட்டியது. துரை தலையை அசைத்துவிட்டு இன்னும் மிதித்தார். அடுத்த வளைவில் இஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி புரண்டது.

துரைக்குத் தோள் எலும்பு முறிந்தது. கன்னியப்பன் வண்டிக்கு அடியில் கிடந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

போலீசார் விசாரணைக்கு வந்தார்கள். “அந்த ஆள் முள்ளைப் பார்க்கவேயில்லை, என்னை எச்சரிக்கவுமில்லை,” என்று துரை சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்: “நீ பாத்தியா? தட்டினானா?”

தட்டினான் என்றால் அடுத்த கேள்வி என்ன? முள் ஏன் இறங்கியது என்பதுதானே! மடியில் கனம் இருந்தது எனக்கு.

“நான் கவனிக்கலீங்க,” என்றேன்.

இஞ்சினைப் பிரிக்கும் வேலையும் என்னிடமே வந்தது. சல்லடை முழுவதும் பழுப்பாகப் பிசின். ஒரு டப்பா மண்ணெண்ணெயில் கழுவினேன். அரை மணி நேரத்தில் சாட்சி ஒழிந்தது.

அவனை மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தோம். ஆள் அசட்டையால் நேர்ந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். கம்பெனி அவன் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. வேலையில் தூங்கியவன் என்று சேரியிலேயே சிலர் பேசினார்கள். எனக்கோ வேலை போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் செங்கேணி என்னைத் தேடி ஷெட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை.

“அண்ணாத்தே, நீ அங்கதான் இருந்த. அது முள்ளப் பாக்காமயா இருந்திச்சி? தூங்குற ஆளா அது?”

நான் தரையைப் பார்த்தேன். “எனக்குத் தெரியலம்மா.”

அவள் முந்தானையிலிருந்து எதையோ எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நான் கொடுத்த புட்டிகளில் ஒன்று. மூடி பிரிக்கப்படவில்லை.

“கொழந்தைக்கு ஒரு புட்டியே மீந்துபோச்சி. இத வாணாம்னுதான் அப்பவே சொல்லிச்சி அது. ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுக்கணும்னு கூட எடுத்து வெச்சிச்சி, அவசரத்துல மறந்துட்டுப் போயிடிச்சி. உன் வண்டிக்கு ஆவும், வெச்சிக்க.”

வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது... மூடியை நானும் பிரிக்கவில்லை.