இடது கால்

என் அக்கா புருஷனுக்குப் பள்ளிக்கூட வேன் பிள்ளைகள் வைத்த பெயர் ஆமை. பிரேக் போட்டால் மடியில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட ஆடாது. பெற்றோர்கள் அதற்காகவே அந்த வேனைத் தேடி வந்தார்கள். எனக்குத்தான் எரிச்சல். அவரோடு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினால், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

அந்த மனிதர் என் கடையில் ரேஸ் ஓட்ட உட்கார்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் கடையில் இருப்பது சிமுலேட்டர். ஓர் இருக்கை, ஒரு ஸ்டீயரிங், கீழே பெடல்கள், முன்னால் பெரிய திரை. அவருடைய மகள், பத்து வயது வாயாடி, ஒரு விடுமுறை நாளில் அவரைத் தரதரவென்று இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

அவருக்குப் பிடித்தது குட்டி கார்ட் வண்டிகள் ஓடும் சின்னச் சுற்று. நேர்ப்பாதை என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. ஒரு வளைவிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கார்ட்டுக்கு கிளட்ச் கிடையாது. வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக். அத்தானோ வேனில் ஓட்டுவது போலவே வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கால் இடம் மாறுவதற்குள் கார்ட் போய், ஓரத்தில் டயர்களை அடுக்கிய சுவரில் முட்டி நிற்கும்.

"அத்தான், இடது காலச் சும்மா வச்சிருக்கீங்களே, அதுக்கென்ன லீவா?" என்றேன்.

இடது காலுக்கு மாறினார். கிளட்ச்சை அடிவரை மிதித்தே பழகிய கால், பிரேக்கையும் அப்படியே மிதித்தது. கார்ட் பம்பரமாய்ச் சுற்றியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "மிதிப்பா!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் சொல்வாள், அவர் கால் இறங்கும். யோசிக்கவே நேரமில்லாத சுற்று அது. விடுமுறைதோறும் வந்தார்கள்; சில மாதங்களில் அந்தச் சுற்றை மிக வேகமாக முடித்த நேரம் என் கடையில் ஆமையின் பெயரில் இருந்தது. அதிகம் பேசாதவர் இப்போது வீட்டில் வாய்விட்டுப் பேசுகிறார் என்று அக்காவே ஆச்சரியப்பட்டாள்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துச் சரிவில் வேன் இறங்கியபோது காவலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடந்தார். அத்தான் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையிலிருந்து முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கத்தினாள்:

"மிதிப்பா!"

இடது கால் இறங்கியது. வேனில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். எஞ்சினின் பிடிதான் விட்டது, வேன் நிற்கவில்லை. வலது கால் பிரேக்குக்கு வந்து சேர்வதற்குள் காவலாளி சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்திருந்தார். முன்சக்கரத்தின் அடியில் சைக்கிள் அப்பளமாய் நொறுங்கியது. ஒரு நொடி தாமதித்திருந்தால் அந்த மனிதரே போயிருப்பார்.

எல்லோரும் பிரேக்கைக் குறை சொன்னார்கள். ஆமை தப்பு செய்வாரா? போன வாரம்தான் பிரேக் வேலை பார்த்திருந்த மெக்கானிக்கை வேன் முதலாளி ஆள் கூடும்படி திட்டினார். மெக்கானிக் பிரேக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எதுவும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னான். இனி அந்த முதலாளியின் வண்டிகளில் அவனுக்கு வேலை இல்லை என்று முடிவானது.

அத்தான் வாயே திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். வேன் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அக்கா கேட்டாள், நானும் கேட்டேன், "உடம்பு சரியில்ல" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மகளும் சுருண்டு படுத்துக்கொண்டாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்தோம்.

மறுநாள் இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, நான் மிதின்னு கத்தினதாலதானே வண்டி நிக்கல? நான் உன் காலப் பாத்தேன்."

அத்தான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். இடது காலுக்கு மாறச் சொன்னது நான்தானே, எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

காலையில் அவர் முதலாளியிடம் போனார். மெக்கானிக்கையும் கூப்பிட வைத்து, அவன் எதிரிலேயே சொன்னாராம். முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மெக்கானிக், "முதல் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றானாம்.

அவர் நடந்தே வீடு திரும்பினார். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யாரு கத்தினாங்கன்னு சொன்னியாப்பா?"

"அத எதுக்குடா சொல்லணும்? எந்தக் கால்னு மட்டும்தான் சொன்னேன்."

அவள் இப்போதும் அதே வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். கடைசி இருக்கையில் தோழிகள் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டாலும் போவதில்லையாம். முன்னால் உட்கார்ந்து, வழி நெடுக வாயே திறக்காமல், புது டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வருகிறாளாம்.