சீன் யீயின் வாய்க்கு நான்கு பூட்டு

எங்கள் மௌல்மீன் படித்துறைத் தெருவில் காலையில் மொய்ங்கா விற்கும் சீன் யீயிடம் நூடுல்ஸ் பரவாயில்லை, மீன்குழம்பு சுமார்தான். ஆனாலும் கூட்டம் அலைமோதும். திட்டு வாங்கத்தான்.

"எலுமிச்சை இன்னும் வேணுமா? உன் மூஞ்சியப் பிழிஞ்சுக்க, போதும்."

கிண்ணத்துக்கு ஒன்று இலவசம். வாங்கியவர்கள் அதை அலுவலகத்தில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பது தாண்டியதும் ஓர் ஆசை வந்தது. குன்றடி மடத்துத் தியானக்கூடத்தில் ஒரு பாய் போட இடம் வேண்டும். அங்கே உட்காரும் பெண்கள் பதறிப்போனார்கள். அவள் மூச்சை உள்ளே இழுப்பாள், சரி. வெளியே விடும்போது என்னென்ன வருமோ?

மடத்துத் தலைமைப் பிக்கு அவளைவிட வயதில் சின்னவர், குசும்பில் பெரியவர்.

"எட்டுச் சீலம் எடுத்துக்கோங்கம்மா. பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு நாலும் கூடாதுன்னு அதுல வருது. மழைக்கால நோன்பு முழுக்கக் காப்பாத்திட்டா, பாய் உங்களுக்கு."

எட்டில் பாதி வாய்க்கே போய்விட்டது. கொலை, களவெல்லாம் மீதிப் பாதியில் ஒடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். சீலம் வகுத்தவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரிந்திருக்கிறது.

சீன் யீ சுலபமான வழி கண்டுபிடித்தாள்: பேசுவதையே விட்டுவிட்டாள். வாயை மூடினால் அது நல்ல வாய் ஆகிவிடும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. கூட ஒரு பருப்பு வடை கேட்டவனுக்குப் பானை விளிம்பில் கரண்டியால் ஓர் அடி. "இது உன் மாமியாரைப் பத்தி," என்று பக்கத்தில் இருப்பவன் உரை சொல்வான். நாக்குதான் நோன்பு இருந்தது. மனசு வேளாவேளைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டது.

அதற்கு மிகப் பிடித்த சாப்பாடு நாத்தனார் மா பியூ. போன புத்தாண்டில், ஊரே கூடியிருந்த இடத்தில், "அண்ணி கொழம்புல நேத்து மீன்," என்று சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

நோன்பு முடியும் நாளில் மடத்தில் சீன் யீ எல்லோருக்கும் சோறு போட்டாள். கடைசியில் தண்ணீர் வார்த்து, கிடைத்த புண்ணியத்தை வாய்விட்டுப் பங்கிட வேண்டும். கேட்டு மகிழ்ந்து "சாது", அதாவது நன்று, என்று சொல்பவருக்கெல்லாம் பங்கு உண்டு. ஒலிபெருக்கி வேறு வைத்திருந்தார்கள். அவள் செம்பைச் சாய்த்தாள், வாயைத் திறந்தாள். முன்வரிசையில் மா பியூ கைகூப்பி, "சாது"வை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தண்ணீர் சொட்டியது. பாதியில் செம்பை நிமிர்த்தினாள்.

"சாமி," என்றாள் ஒலிபெருக்கியிலேயே, "ஒருத்திய மட்டும் விட்டுட்டுப் பங்கு வைக்கலாமா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. பாய் போச்சு என்று தியானப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாராளமா," என்றார் பிக்கு. "பேரைச் சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க. பொய் மட்டும் கலக்கக் கூடாது."

"மா பியூவுக்கு இல்ல. ஏன்னா அவ என் கொழம்புல நேத்து மீன்னு..."

நின்றுவிட்டாள். மழைக்காலம் முழுக்க மென்ற வாக்கியம். "பொய் சொன்னா" என்று முடித்தால் அதுவே பொய் ஆகிவிடும்.

"...நேத்து மீனுதான் சாமி. முந்தாநேத்துதும் கொஞ்சம் கெடந்துச்சு."

படித்துறைப் படகுக்காரர்கள் வரை கேட்டது. நான் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எல்லோரையும்விட அதிர்ந்தது மா பியூதான். "ஐயோ அண்ணி! நான் வயித்தெரிச்சல்ல சும்மா அடிச்சுவிட்டேன். மீன் எப்பத்துதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அடிப்பாவி!"

அந்த மழைக்காலத்தின் முதல் வசவு. பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மீதித் தண்ணீரை ஊற்றினாள். "கேக்குற எல்லாரும் எடுத்துக்கோங்க. இவளும்தான், எடுத்துத் தொலையட்டும்."

மா பியூவின் "சாது" கூரையை முட்டியது.

பிக்கு தாடையைச் சொறிந்தார். "வசவு ஒண்ணு, பாதிச் சாபம் ஒண்ணு. பாயை வாசல் பக்கமாப் போட்டுக்கோங்கம்மா. உள்ள இருந்து வர்றது அப்படியே வெளிய போக வசதி."

சீன் யீ இப்போது அங்கேதான் உட்காருகிறாள். சில நாள் வாசல் பக்கமிருந்து ஏதோ முணுமுணுப்பு வருமாம். மற்ற பெண்கள் கண்ணைத் திறக்காமலே சிரிக்கிறார்களாம்.