அந்தோணிராஜ் துடைத்த மிளகாய்ப்பொடி

திண்டுக்கல்லில் அந்தோணிராஜ் கல்யாணத் தரகர். 2006 வரைக்கும் நாற்பத்தொரு ஜோடி சேர்த்து வைத்தவர். மாப்பிள்ளை காபி டம்ளரைப் பிடிக்கிற பிடியிலேயே, இந்தச் சம்பந்தம் படியுமா படியாதா என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுத் தொட்டியில் இருந்த ஜோடிதான் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல் மீன்கள். ஒன்று பெருசு, ஒன்று சிறுசு. வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த அப்துல் லத்தீப், "ஜோடிண்ணே, குஞ்சு பொரிக்கும்" என்று கொடுத்தவை. உப்புத் தண்ணீர், உள்ளே ஒளிய ஓர் ஓட்டுத் துண்டு. தொட்டி உட்கார்ந்த இடம்தான் சிக்கல். முன்னறையின் அந்த மூலை கிறிஸ்துமஸ் குடிலுக்கு உரியது. இரண்டு வருடமாகக் குடில் அலமாரியின் நடுத்தட்டுக்குப் போய்விட்டது. மேல்பலகையில் கொம்பு இடித்ததால் குடிலின் மாட்டுப் பொம்மையைச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

மனைவி அன்புக்கரசி கெடு வைத்தார்.

"டிசம்பர் ஒண்ணாந்தேதிக்குள்ள குஞ்சு வரணும். இல்லாட்டி தொட்டி பாய் கடைக்கே போயிரும்."

ஆயுத பூஜை முடிந்த வாரம், பெருசு அந்த ஓட்டைக் கடிக்க ஆரம்பித்தது. சிறுசு அதன் முன்னால் குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்கியது.

"பெருசு மாமியா மாதிரி விரட்டுது, சிறுசு பயந்து சாகுது. இது ஒத்துவராது" என்றார் அந்தோணிராஜ்.

ஞாயிறு பூசைக்கு முன் வீடு சுத்தமாக வேண்டும் என்று, சனிக்கிழமைதோறும் தொட்டியையும் கழுவுவார். சில வாரம் ஓட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அப்பியிருக்கும். தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பார். பெருசு பாய்ந்து வந்து விரலைக் கடிக்கும்.

"தின்ன சோத்துக்கு விசுவாசமில்ல. அடியே, நீயும் பாத்துச் சமைக்க மாட்டேங்கிற, மிளகாப்பொடி தொட்டியில விழுகுது!"

கெடுவுக்கு ஆறு நாள் இருந்த சனிக்கிழமை, நாரும் கையுமாக அவர் குனிந்தபோது அன்புக்கரசி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கைய எடுங்க! மிளகாப்பொடிக்குக் கண்ணு இருக்குமா?"

ஓட்டில் நூற்றுக்கணக்கான துளிகள். ஒவ்வொன்றிலும் மினுமினுவென்று இரண்டு கண்கள். சிறுசு செட்டையால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

அந்தோணிராஜ் லத்தீப்புக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பெருசு ஓட்டைக் கடிச்சுச் சுத்தம் பண்ணுச்சாண்ணே?"

"ஆமா."

"சிறுசு நடுங்குச்சா? உங்க கையக் கடிச்சுதா?"

"எல்லாம்தான் நடந்துச்சு."

"அம்புட்டும் முட்டை போடுற அறிகுறி. பெருசுதான் பொண்ணு, சிறுசு மாப்ள. முன்னாடி போட்டதெல்லாம் எங்க?"

அந்தோணிராஜ் கையிலிருந்த நாரைப் பார்த்தார். "ஏப்பா, இதெல்லாம் மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க தரகராச்சே. பொண்ணு மாப்ள விஷயம் உங்களுக்கு நான் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு மனைவி முகத்தைப் பார்த்தார். "கெடு குஞ்சுக்குத்தான் வச்சே. இது முட்டைதான்..."

அன்புக்கரசி அவர் கையிலிருந்து நாரைப் பிடுங்கி, தெரு வாசலைத் தாண்டி எறிந்தார். அப்புறம் டார்ச் அடித்து இன்னொரு தடவை முட்டைகளைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். இந்த வருசமும் மாடு படுத்தே கெடக்கட்டும்."