கழற்றிப் போட்ட ஏர் ஃபில்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும் ஆனி மாதத்தில், கீழக்கரைக்கும் திருப்புல்லாணிக்கும் நடுவே ரோட்டில் நடந்தது இது. இதை எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன்.

எனக்கு ஏர்வாடிப் பக்கம் கடலோர ஊர். எலக்ட்ரீஷியன் வேலை. எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நன்றாகச் சுற்றும் ஃபேனைக்கூடக் கழற்றுவேன். "இந்த மனுசன் கையில ஸ்க்ரூ டிரைவரக் குடுத்தா நிலைக்கதவையே கழட்டிருவாரு" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கை என் பைக்கை மட்டும் விடுமா? முதலில் சைலன்சரை மாற்றினேன். அப்புறம் செல்போனில் ஒரு வீடியோ. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், வண்டி பறக்கும் என்று எங்கேயோ ஒரு பெரிய நகரத்து ஆள் அடித்துச் சொன்னார். கழற்றினேன். அடேயப்பா, என்ன பிக்கப்! எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, திருப்பி மாட்டிருங்கண்ணே என்றார். நான் கேட்டால்தானே? இரண்டே மாதத்தில் சைலன்சரில் லேசாகப் புகை தள்ளியது. பின்னால் உட்காரும்போதெல்லாம் மனைவி, "ஏங்க, உள்ள என்னமோ கரகரன்னு அரைக்குது" என்பாள். அது ரேஸ் வண்டிச் சத்தம், உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிடுவேன்.

அவள் அப்போது குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின தடவை நூலிழையில் தவறிப்போனது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து மறுபடியும் ஒன்றரை வருடம் படித்தாள். ராமநாதபுரத்தில் சென்டர். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஆறரை மணி பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். நம் வண்டி இருக்கும்போது பஸ் எதற்கு, முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்று நான்தான் தடுத்தேன்.

கீழக்கரை தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது திடீரென்று 'கிரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஓரத்து மணலில் சாய்ந்தது. எதிரில் வண்டி எதுவும் வராததால் பிழைத்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கிக்கரை மிதித்தேன், இறங்கவே இல்லை. மணி எட்டு இருபது. அவள் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

கை காட்டிய இரண்டு கார்கள் நிற்காமல் போயின. மூன்றாவதாக ஒரு பழைய மொபெட் நின்றது. ஊர் ஊராகப் போய் மீன் விற்பவர். என் வயதுதான் இருக்கும். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி. நான் பாதி சொல்வதற்குள் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை இறக்கிவிட்டார். "மீனப் பாத்துக்கங்கண்ணே. ஏறு தங்கச்சி." அவ்வளவுதான். முன்பின் தெரியாத என்னை நம்பி அன்றைய பிழைப்பை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனார்.

தேர்வுக்குப் போன் கூடாது என்று அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் நம்பரை நான் வாங்கவில்லை. பெட்டியைக் கருவேல மர நிழலுக்கு இழுத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். ஆத்திரத்தில் வண்டியை ஒரு உதை விட்டேன், வலித்தது என் கால்தான். சைக்கிளில் போன ஒரு அம்மா நிறுத்தி, "சூடை மீனு இருக்கா, என்ன வெலப்பா?" என்று கேட்டார். தெரியாதே என்றேன். "வெல தெரியாம என்ன யாவாரம் பாக்குற?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் மட்டும் திரும்பி வந்தால் அவள் உள்ளே போய்விட்டாள் என்று அர்த்தம். இரண்டு பேராக வந்தால்? அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது. தூரத்தில் வரும் ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை தலை என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்பதரை மணிக்கு மேல் மொபெட் வந்தது. இரண்டு தலை.

"நாலு நிமிசம்ணே. எம்புட்டோ கெஞ்சிப் பாத்தோம், கேட்டத் தெறக்கல. என் வண்டி இம்புட்டுத்தான் போகும், மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார். அவள் பெட்டியைத் திறந்து, ஐஸ் கரைந்து கிடப்பதைப் பார்த்து, "எங்களால ஒங்க மீனும் கெட்டுப்போச்சேண்ணே" என்று உடைந்து அழுதாள். போற வழியில் ஐஸ் வாங்கிக்கொள்கிறேன், அழாதே என்று அவளைத் தேற்றிவிட்டு அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் முழுக்கக் கீறல். காற்றுப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார்; விரல் முழுக்கப் பொடி மணல். "கச்சான் அடிக்கிறப்ப ஃபில்டர் இருந்தாலே நம்ம ஊர்ல மண்ணு பூந்துரும். நீங்க கதவையே கழட்டி வச்சிட்டீகளேண்ணே" என்றார்.

அடுத்த தேர்வு போன மாதம்தான் வந்தது; அதற்கு அவள் முதல் நாளே பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் சித்தி வீட்டில் தங்கி எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. நானும் இன்ஜின் கோளாறு, இன்ஜின் கோளாறு என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு தப்பும் செய்யாத மனிதர் ரோட்டில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவளிடம் இன்று வரை கேட்கவில்லை. இந்தப் பத்திரிகை வந்தால் 'வாசகர் அனுபவம்' பகுதியைத்தான் அவள் முதலில் படிப்பாள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: ஏ புள்ள, கோளாறு இன்ஜின்ல இல்ல, எங்கிட்டதான்.