ஒரு கட்டம் சும்மா

கம்பத்தில் எங்கள் அத்தை, கோடை விடுமுறை வந்தால் சர்ச் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா பழக்குவாள். இருபது வயலின், நாலு புல்லாங்குழல், ஒரு பெரிய டிரம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு இசைக்குறிப்பு படிக்க வராது. அதனால் முக்கோணக் கம்பியைக் கையில் கொடுத்தாள். நாலு தாளம் ஒரு கட்டம். முப்பத்திரண்டு கட்டம் எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டோடு எல்லா வயலினும் சேர்ந்து எழும்பும்.

அப்பாவுக்கு நெல் கடை. அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். அடுத்தது இரண்டு. நானும் கட்டங்களை லாபம் என்றே தொடங்கினேன். ஆனால் பதற்றத்தில் லாபத்துக்குப் பிறகு ஒன்று வந்துவிடும். வயலின்கள் எழும்பி ஒரு கட்டம் போனபின் என் கம்பி தனியாக ஒலிக்கும்.

“ஏலே, இங்கன நெல்லா அளக்குறோம்?” என்றாள் அத்தை மகள். கூடமே சிரித்தது. அத்தை எத்தனை முறை திருத்தியும் எனக்கு அப்படியேதான் வந்தது. கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

“இவனுக்கு ஏன் இந்தப் பாடு? நாளையிலேருந்து கடைக்கு வரட்டும்.”

“கச்சேரி முடியட்டும்ண்ணே. அப்பவும் தப்பினா நீங்களே கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களிடம்தான் சொன்னாள். “இங்கன எல்லாரும் ஒரு கட்டம் சும்மா இருங்க.” அவர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் தப்பு அவர்களுடையது என்று எனக்கு விளங்கியது. அப்பாவிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

கச்சேரி அன்று அந்த இடம் வந்தது. வில்கள் எல்லாம் காற்றில் அப்படியே நின்றன. ஜன்னல் வழியே மலைக்காற்று வந்து தாள்களைத் தொட்டுவிட்டுப் போனது. எங்கோ திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் ஓடியது. அத்தையின் கை மேலேயே இருந்தது. அந்த ஒரு கட்டம் ஒரு மத்தியானம் போல நீண்டது. தட்டினேன். கூடமே எழும்பி மிதந்தது.

அடுத்த கோடையிலும் அப்பா என்னை அனுப்பினார். அந்த இசையில் எனக்குப் பிடித்தது அந்த அமைதிதான். தூக்கத்தில்கூட வரும்.

போன மாதம் தேனியில் என் மகள் படிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா வகுப்பில் அந்த இசையையே வாசித்தார்கள். காத்திருந்தேன். அவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள்.

“நடுவுல ஒரு கட்டம் விட்டுட்டீகளேம்மா.”

“அங்கன நிறுத்தமே கிடையாதுப்பா,” என்று தாளைக் காட்டினாள்.

எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவள் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அத்தனை பிள்ளைகளும் வில்லைத் தூக்கிக்கொண்டு எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.