அடிக்கு அரை அங்குலம்

எங்கள் புது வீட்டில் முதலில் குடியேறியவள் நான்தான். அப்போது மனையில் ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. வீடு ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், துணி மடிக்கும் பெஞ்சின் மேல், கல்யாணப் பத்திரிகை அட்டைகளால் எழும்பிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. கோவை கணபதியில் ஓர் ஓட்டு வீட்டில் ஏழு பேர் இருந்தோம்: பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன், அப்பா, அம்மா, நான், தம்பி. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து அடுத்த தெருவில் ஒரு சின்ன பவுண்டரி வைத்திருந்தார்கள். மோட்டார் பம்புகளின் இரும்பு உடலை வார்த்துக் கொடுப்பது தொழில். வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பது அப்பா. வார்ப்புக்கு வேண்டிய மர அச்சுகளை இழைத்துச் செய்வது பெரியப்பா.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் அப்பா சுருட்டிய காகிதம் ஒன்றோடு வந்தார். அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கட்டிலில் விரித்து அம்மாவுக்குக் காட்டினார். மூக்கைப் பிடுங்கும் நெடியோடு நீலக் கோடுகள். பெரியநாயக்கன்பாளையம் போகும் வழியில் வாங்கியிருந்த மனையில் கட்டப்போகும் வீட்டின் வரைபடம் அது. சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று என்னை யாரும் விரட்டவில்லை. எனக்கும் ஒன்றும் புரியவில்லைதான். ஆனால் மூலையில் 'கால் அங்குலம் = ஒரு அடி' என்று எழுதியிருந்தது மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் ஓடினேன்.

"ஊட்டைச் சுருக்கி வரஞ்சிருக்குதுன்னு அர்த்தம்" என்றான்.

"அப்ப அந்தக் கோட்டு மேலயே செவுரை நிறுத்தி வெச்சா ஊடு வந்துருமா?"

"வரும். எறும்பு குடியிருக்கலாம்."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. எறும்பு குடியிருக்கும் அளவுக்கு ஒரு நிஜ வீடு! கால் அங்குலம் கைக்கு அடங்காது என்று இரண்டு மடங்காக்கினேன். அடிக்கு அரை அங்குலம். முப்பதுக்கு நாற்பது மனை, பதினைந்துக்கு இருபதாகப் பெஞ்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் கணக்கு சரியாக வந்தபோது நான் போட்ட கூச்சலில் பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

அதன் பிறகு வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லை. பரணில் கிடந்த பத்திரிகைகளில் தடித்த அட்டையாகப் பார்த்துப் பிய்த்தேன். யார் யாருடைய கல்யாணங்களோ எங்கள் வீட்டுச் சுவர்களாயின. ஊதுபத்திக் குச்சிகள் சன்னல் கம்பிகள். தம்பியின் கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தை வெந்நீரில் ஊறவைத்து, சுரண்டிச் சுத்தமாக்கினால் சன்னல் கண்ணாடி. போட்டோ பிலிம் வரும் கறுப்பு டப்பாவை அளந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது நாலடி உயரத் தண்ணீர்த் தொட்டியேதான். அதைச் செய்தவர்கள் எனக்காகவே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. முற்றத்துக்குப் பவுண்டரி மணல், செடிக்குப் பச்சை மசியில் தோய்த்தெடுத்த, பாத்திரம் தேய்க்கும் நார். பசைக்கு மைதா காய்ச்சினால் எறும்பு நிஜமாகவே குடிவந்தது. அண்ணன் சொன்னது பலித்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உலகமே எனக்கு அரை அங்குலமாகிவிட்டது. தெருவில் போகும் சைக்கிள் மூன்று அங்குலம். எதிர்வீட்டுப் பசுமாடு வாலை நீக்கி மூன்றரை. எல்லாரையும் நடுங்க வைத்த எங்கள் கணக்கு டீச்சர் இரண்டரை அங்குலம்தான் என்று தெரிந்த அன்று அவர் மேலிருந்த பயம் போய்விட்டது. வீட்டில் இருந்த ஏழு பேரையும் கதவு நிலையில் நிறுத்தி அளந்து, தீக்குச்சியும் துணியும் கொண்டு ஏழு மனிதர்களைச் செய்தேன். பெரியப்பாவுக்கு மீசை வைக்க என் தலைமுடியையே வெட்டினேன்.

பெரியம்மா வேலைக்கு நடுவே வந்து குனிந்து பார்ப்பாள். "ஏங் கண்ணு, என்ற தையல் மிஷினை எங்க போடறது? இந்தச் சன்னல்ல வெளிச்சம் வருமா?" என்று கேட்பாள். வரும் என்பேன். டார்ச் அடித்துக் காட்டுவேன். அம்மா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பெரியம்மா முகத்தைப் பார்ப்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பாகிட்ட இதையெல்லாம் காட்டிட்டு இருக்காத கண்ணு. நேரம் பாத்து நானே பேசிக்கறேன்" என்றார். பெரியப்பாவை ஆச்சரியப்படுத்தத்தான் அப்பா திட்டம் போடுகிறார் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன். பெரியப்பா வரும் நேரத்தில் வீட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவைத்தேன். புது வீட்டுக்கு யார் யார் போகிறோம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒருநாளும் எழவில்லை. ஏழு பேர் இருக்கிறோம், ஏழு பேரும் போவோம். இதில் பேச என்ன இருக்கிறது?

சுவர்கள் முடிந்து சாமான்கள் செய்ய ஆரம்பித்த அன்று, தம்பி என் ஸ்கேலால் பந்தடித்து அதை இரண்டாக உடைத்தான். அவனை நாலு சாத்து சாத்திவிட்டு, பெரியப்பாவின் மரவேலைப் பையிலிருந்து அவருடைய உலோக ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். பளபளவென்று, ஊசி முனைக் கோடுகளோடு, என் பள்ளிக்கூட ஸ்கேலைவிட நூறு மடங்கு கௌரவமாக இருந்தது. பீரோ, வெட் கிரைண்டர், தையல் மிஷின், அப்பா அம்மாவின் கட்டில் என்று வரிசையாகச் செய்தேன். கடைசியாகப் பெரியப்பாவின் கட்டில். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், கடைந்த கால்கள் உள்ள தேக்குக் கட்டில். அதைச் செய்யவே இரண்டு நாள் ஆயிற்று. கால்களுக்கு ஊக்குப் பெட்டியின் மணிகளைக் கோத்தேன்.

அந்தக் கட்டில் வீட்டுக்குள் போகவில்லை.

பெரிய அறை அப்பா அம்மாவின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் சரியாகப் போயிற்று. கூடத்தில் போட்டால் வாசற்கதவை மறித்தது. மிச்சம் ஒரே ஒரு சின்ன அறை, ஏழடிக்கு எட்டடி. வரைபடத்தில் அதைப் படிக்கும் அறை என்று போட்டிருந்தார்கள். நாங்கள் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்வோம் என்று அதைப் பெரியப்பாவுக்கு ஒதுக்கினேன். கட்டில் உள்ளே நுழைந்தது, ஆனால் கதவு திறக்கக் கால் அங்குலம் போதவில்லை. நீளவாக்கில் போட்டேன், குறுக்கே போட்டேன், தையல் மிஷினைச் சமையலறைக்குத் தள்ளினேன். நாலு நாள். ஐந்து பேருக்கு வளைந்து கொடுத்த வீடு, இரண்டு பேருக்கு மட்டும் முரண்டு பிடித்தது. நான் செய்த வீட்டில் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் படுக்க இடமில்லை என்றால், செய்தவளுக்கு எவ்வளவு அவமானம்! எங்கோ அளவில் தப்புச் செய்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டு எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் மனையில் அஸ்திவாரம் போடும் கடைக்கால் பூஜை. இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நானும் தம்பியும் பெஞ்சைத் தூக்கிவந்து பெரியப்பா முன்னால் வைத்துத் துண்டை இழுத்தோம்.

"அடி ஆத்தி!" என்றார் பெரியப்பா. கூரையைத் தூக்கிக் காட்டினேன். கதவுகள் திறந்தன, சன்னல்கள் மூடின, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அண்ணன் முதல் தடவையாகக் கிண்டல் செய்யாமல் விசில் அடித்தான். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூலைகள் நேராகச் சேர்ந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். மர அச்சு செய்கிறவர் என் மூலைகளைத் தடவிப் பார்க்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே வைத்தேன். இது நீங்க, இது பெரியம்மா, இது அண்ணன்.

அம்மா, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அன்று அடுப்பில் ஒன்றும் இல்லை.

"எல்லாஞ் சரியா வந்துருச்சுங்க பெரியப்பா. உங்க கட்டில் மட்டுந்தான் உள்ள போகமாட்டீங்குது. எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றேன்.

பெரியப்பா கட்டிலை வாங்கிச் சின்ன அறையில் வைத்தார். நகத்தால் கதவைத் தள்ளினார். இடித்தது. திருப்பி வைத்தார். இடித்தது. எடுத்துக் கூடத்தில் வைத்துப் பார்த்தார். வீடு முழுவதையும் ஒருமுறை மேலிருந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா... அது வந்துங்க..." என்றார் அப்பா.

பெரியப்பா அவரை முடிக்க விடவில்லை. என் பக்கம் திரும்பி, "எந்த ஸ்கேல்ல அளந்தே கண்ணு?" என்று கேட்டார்.

ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். பார்த்ததும் சிரித்தார். "அட, செவுத்தை எதுல அளந்தே?" உடைந்த ஸ்கேலின் பாதியைக் கொடுத்தேன். இரண்டையும் ஒட்டிப் பிடித்துக் காட்டினார். ஆரம்பத்தில் ஒன்றாக இருந்த கோடுகள், ஐந்து ஆறு அங்குலம் போனதும் ஒரு நூலிழை விலகி நின்றன. நான் ஆவென்று பார்த்தேன்.

"உருக்கி ஊத்துன இரும்பு ஆறுறப்போ சுருங்கிப்போகுங் கண்ணு. அதுக்குன்னே அச்சைத் துளி பெருசாச் செய்யோணும். இது அந்த ஸ்கேலு. இதுல இஞ்ச்சே கொஞ்சம் நீட்டு. நீ ஊட்டை ஊட்டு ஸ்கேல்ல செஞ்சே, கட்டிலை இரும்பு ஸ்கேல்ல செஞ்சுபோட்டே. அப்புறம் எப்படிப் பத்தும்? உன்ற மேல தப்பில்லீங்க அம்மிணி. ஊட்டு மேலயும் தப்பில்ல. ஸ்கேல்லதான் தப்பு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நாலு நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இப்போதே வேறு கட்டில் செய்துவிடுகிறேன் என்று குதித்தேன். பெரியப்பா பழைய கட்டிலைத் திருப்பித் தரவில்லை. "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியம்மா எழுந்து சாப்பிட்ட இலைகளை எடுக்கப் போனாள். தையல் மிஷினைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

புது ஸ்கேல் வாங்கி, புதுக் கட்டில் செய்தேன். அதுவும் கதவை இடித்தது. நான் விடுவேனா? உப்புத்தாளை எடுத்து நாலு பக்கமும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கட்டில் மெலிந்து, கடைசியில் கதவு திறந்தது. அது அளவுக் குற்றம் என்று தெரியும். ஆனாலும் என் வீட்டில் ஏழு பேருக்கும் இடம் வந்துவிட்டது!

கடைக்கால் பூஜையன்று அதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். மஞ்சள் பூசிய கல்லை இறக்கி முடிந்ததும் யாரோ ஒரு மாமா, "எப்பங்க எல்லாரும் குடிவர்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா உரக்கச் சொன்னார்: "தம்பி குடும்பம் வருதுங்க. எனக்குப் பட்டறைய உட்டுப்போட்டு இத்தனை தூரம் தோதுப்படாது. நாங்க கணபதியிலயே இருந்துக்கறமுங்க. நாந்தான் தம்பிகிட்ட அப்படிச் சொல்லிப்போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்து, "கட்டிலைச் சரி பண்ணிப்போட்டேனுங்க பெரியப்பா, இப்ப உள்ள போகுதுங்க" என்று புதுக் கட்டிலை நீட்டினேன். அவர் அதை வாங்கி, தேய்த்த விளிம்புகளை விரலால் தடவினார். "போகுதா? பாத்தியா, நாஞ் சொன்னனல்ல" என்றார். என் தலையில் கைவைத்துவிட்டு, கடைக்காலில் மண் தள்ளப் போனார்.

நான் அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, இடமிருக்குதுப்பா. நான் வெச்சுப் பாத்துட்டேன். பெரியப்பா சொன்னாங்கல்ல, ஸ்கேல்லதான் தப்பு. நீங்களாச்சும் சொல்லுங்கப்பா" என்று மூச்சு வாங்கக் கத்தினேன். அப்பா என்னைப் பார்க்காமல், மண் தள்ளிக்கொண்டிருந்த தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங் கண்ணு" என்றார். "ஸ்கேல்லதான் தப்பு."

இரும்பு ஸ்கேல் ஒரு அடிக்கு அரைக்கால் அங்குலம்தான் கூட இருக்கும். மூன்று அங்குலக் கட்டிலில் அது ஓர் அட்டைக் கனம். கால் அங்குலம் இடித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு அது தெரியவில்லை. பெரியப்பாவுக்குத் தெரியும். இருபது வருடம் அதே பட்டறையை அவரோடு சேர்ந்து நடத்திய அப்பாவுக்கும் தெரியும்.